இத்தாலி நாட்டு அடுப்படி
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

இம்மேடையில் ஆண்டுதோறும் திருக்குறளைப் பற்றியும், சிலப்பதிகாரத்தைப் பற்றியும், கம்பன் கவிநயத்தைப் பற்றியும் கற்றறிந்த பெருமக்கள் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறீர்கள். இவ்வாண்டு, பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக் கொண்டு ரயில்வே பார்சல் அலுவலகத்தில் பேரேடு எழுதும் ஒருவனைப் பேச அழைத்திருக்கிறீர்கள். அவன் எடுத்துக் கொண்ட பொருளோ சமையல்! அதுவும் இத்தாலி நாட்டுச் சமையல்! "இவருக்கும் இத்தாலிக்கும் என்ன தொடர்பு?" என்று முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியவர்கள் புருவத்தை உயர்த்துவது எனக்குத் தெரிகிறது. காரணத்தைக் கூறிவிடுகிறேன்.

2025-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் டெல்லிச் செங்கோட்டையில் யுனெஸ்கோ மன்றத்தின் குழு ஒன்று கூடியது. மனித குலம் காத்துப் போற்ற வேண்டிய மரபுகளின் பட்டியலில் எவற்றைச் சேர்ப்பது என்று முடிவு செய்யும் குழு அது. அக்கூட்டத்தில்தான் நம் தீபாவளித் திருநாள் அப்பட்டியலில் இடம்பெற்றது. அதே கூட்டத்தில் இத்தாலி நாட்டுச் சமையலும் இடம்பெற்றது. தீபாவளியும் இத்தாலியச் சமையலும் ஒரே பந்தியில் அமர்ந்தன என்று சொல்லலாம். அன்று முதல் அவ்விருவர்க்கும் பொதுவானது என்ன என்று அறிய விரும்பி, நூலகத்தில் கிடைத்தவற்றைப் படித்து வந்தேன். என் சிற்றறிவுக்கு எட்டியதை உங்கள் முன் வைக்கிறேன்.

இத்தாலியச் சமையல் என்றதும் நம் காலனிப் பிள்ளைகள் நாவில் வருவது பிட்சா. தொலைபேசியைத் தட்டினால் அரை மணியில் அட்டைப்பெட்டியில் வாசலுக்கு வந்து சேருகிறது. அம்மா வைத்த கீரைக் குழம்பு மூடியபடியே இருக்கிறது. "இத்தாலிக்காரன் வந்து என் அடுப்பை அணைத்துவிட்டான்" என்று ஒரு தாயார் என்னிடம் வருந்திக் கூறினார். இத்தாலிக்காரர்மேல் அந்தப் பழியைப் போடுவது தகாது என்பதே என் முதல் வாதம். இத்தாலி நாட்டு வீடுகளின் அடுப்படியை எட்டிப் பார்த்தால், அந்த அம்மையாரின் கீரைக் குழம்புக்குத்தான் அங்கே முதல் மரியாதை கிடைக்கும்.

இத்தாலியின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம். ரோமப் பேரரசு வீழ்ந்த பின்னர்ப் பல நூற்றாண்டுகள் சிறு சிறு அரசுகளாகப் பிரிந்து கிடந்த அந்நாடு 1861-ஆம் ஆண்டில்தான் ஓர் அரசாக இணைந்தது. ரோம் நகரம் 1870-இல் வந்து சேர்ந்தது. வடக்கே பனி மூடிய ஆல்ப்ஸ் மலை; தெற்கே வெயில் கொளுத்தும் சிசிலித் தீவு. இடையே நெடுகிலும் மலை, கடற்கரை, ஆற்றுச் சமவெளி. இன்று 20 மாநிலங்களாக அந்நாடு பகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சமையல். மாநிலத்துக்குள் ஊருக்கு ஒரு வழக்கம். தஞ்சைச் சாம்பாரும் நெல்லைச் சொதியும் செட்டிநாட்டுக் குழம்பும் ஒன்றாகுமா? அவ்வாறே "இத்தாலியச் சமையல்" என்று தனியாக ஒன்று இல்லை. போலோஞா நகரத்துச் சமையல் உண்டு, பாரி நகரத்துச் சமையல் உண்டு, பலெர்மோ நகரத்துச் சமையல் உண்டு.

பிட்சா நேப்பிள்ஸ் நகரத்து ஏழைகள் தெருவில் வாங்கிப் பசியாறிய பண்டம். அது உலகம் சுற்றிப் புகழ் பெற்றது. ஆனால் வீட்டுப் பெண்களின் அடுப்பில் நாள்தோறும் கொதித்தவை வேறு. அவற்றை ஆட்டி வைத்தது பருவம். இன்ன மாதத்தில் தோட்டத்தில் என்ன விளைகிறதோ, அதுவே இன்ன மாதத்து உணவு. ஓர் ஆண்டின் நான்கு பருவங்களையும் அவர்களுடைய அடுப்படி வழியே சுற்றி வருவோம், வாருங்கள்.

முதலில் குளிர்காலம். நடு இத்தாலியில் தஸ்கனி என்னும் மாநிலம். அங்கே கருமை படர்ந்த இலைகளையுடைய ஒருவகைக் கோசுக்கீரை உண்டு. உறைபனி விழுந்த பின்னர்தான் அதன் இலை மென்மையும் இனிமையும் பெறும் என்பது உழவர்கள் கண்ட உண்மை. அந்தக் கீரையையும், வெள்ளை நிறப் பீன்ஸ் விதையையும், காய்ந்து போன பழைய ரொட்டியையும் சேர்த்துக் கொதிக்க வைக்கிறார்கள். மறுநாள் அதையே மீண்டும் கொதிக்க வைத்து ஒலிவ எண்ணெய் ஊற்றி உண்கிறார்கள். அதன் பெயர் "ரிபொல்லீட்டா". மீண்டும் கொதித்தது என்பது பொருள். நேற்றைய குழம்பைச் சுண்டக் காய்ச்சிய சுண்டக் குழம்பின் சுவை அறிந்த நமக்கு இதன் அருமை புரியாதா? ரொட்டி காய்ந்துவிட்டதென்று எறிவது அவ்வூரில் பாவம். பழைய சோற்றை எறியாத நம் பாட்டிமாருக்கும் அவர்களுக்கும் இடையே கடல்தான் குறுக்கே நின்றது. கருத்து குறுக்கே நிற்கவில்லை.

தெற்கே பூலியா மாநிலத்தில், பாரி நகரத்தின் பழைய தெருக்களில், பெண்கள் வாசலில் பலகையைப் போட்டுக் கொண்டு அமர்கிறார்கள். கடினமான கோதுமையின் ரவையை நீர்விட்டுப் பிசைந்து, கயிறுபோல் திரித்து, சிறு துண்டாக நறுக்கிக் கத்தி முனையால் இழுத்துக் கட்டை விரலால் குழிக்கிறார்கள். காது மடல்போல் ஒரு சிறு வடிவம் உண்டாகிறது. "ஒரெக்கியெத்தே", அதாவது குட்டிக் காதுகள், என்பது அதன் பெயர். நம் வீட்டில் சீடை உருட்டும் கைகளின் வேகத்தை அங்கே காணலாம். குளிர்காலத்தில் அதனோடு சேர்வது ஒரு கீரை. அது நாம் இங்கே சந்தையில் குளிர்காலந்தோறும் காணும் கடுகுக்கீரைக்கு நெருங்கிய உறவு. கீரையும் மாவுக்காதும் ஒரே பாத்திரத்தில் வெந்து, பூண்டு தாளித்த எண்ணெயில் புரள்கின்றன. முட்டையில்லை, பாலாடைக்கட்டி மலைபோல் குவிவதில்லை. ஏழையின் உணவு, எளிய உணவு.

டிசம்பர் 13-ஆம் நாள் புனித லூசியாவின் திருநாள். அன்று சிசிலியின் பலெர்மோ நகரத்தார் ரொட்டியும் உண்ணார், பாஸ்தாவும் உண்ணார். முன்னொரு காலத்தில் கொடிய பஞ்சம் வந்ததாம். அந்தப் புனிதையின் அருளால் தானியக் கப்பல் ஒன்று துறைமுகத்தில் வந்து நின்றதாம். மாவாக அரைக்கும் பொறுமையின்றி மக்கள் கோதுமையை மணியாகவே வேகவைத்து உண்டார்களாம். இது அவர்கள் சொல்லும் கதை. அந்நினைவாக இன்றும் அந்நாளில் முழுக் கோதுமையை வேகவைத்து இனிப்புச் சேர்த்து உண்கிறார்கள். பசியை வென்ற நாளை ஓர் உணவால் நினைவில் வைத்திருக்கும் இனம் அது.

அடுத்து வசந்தம். மார்ச்சு 19 புனித யோசேப்பு திருநாளில் சிசிலி ஊர்களில் விதவிதமான வடிவங்களில் ரொட்டி சுட்டு மேடை அலங்கரித்து, ஏழைகளை அழைத்து முதற்பந்தியில் அமர்த்தி உணவிடுகிறார்கள். ரோம் நகரத்தில் அது ஆர்ட்டிசோக் என்னும் முட்செடியின் மொட்டு வரும் காலம். பூவாக மலருமுன் மொட்டைப் பறித்து, முள்ளையும் முரட்டு இதழையும் அகற்றிச் சமைக்க வேண்டும். வாழைப்பூவை ஆய்ந்து பழகிய கைகளுக்கு இது ஒன்றும் பெரிய வித்தையன்று.

மே முதல் நாள் தெராமோ என்னும் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. குளிர்காலம் முழுதும் ஜாடிகளில் இருந்த பயறு வகைகளில் அடியில் கொஞ்சங் கொஞ்சம் தங்கியிருக்கும் அல்லவா? அவற்றையெல்லாம் வழித்தெடுத்து, புதிதாக முளைத்த கீரைகளையும் பச்சைக் காய்களையும் சேர்த்து, மிச்சமிருக்கும் பல வடிவப் பாஸ்தாவையும் இட்டுப் பெரிய பாத்திரத்தில் நெடுநேரம் சமைக்கிறார்கள். அதன் பெயர் "விர்த்து". நற்பண்புகள் என்று பொருள். பழையதைத் தீர்த்துப் புதியதை வரவேற்கும் உணவுக்கு நற்பண்பு என்றே பெயர் வைத்த அவ்வூர்ப் பெண்களை நான் மனமார வணங்குகிறேன். திருவாதிரைக்கு ஏழுகறிக் குழம்பு வைக்கும் நம் தாய்மார்களும் அவர்களும் ஒருவரையொருவர் கண்டால் மொழி தெரியாமலேயே பேசிக் கொள்வார்கள்.

மூன்றாவது கோடை. வடமேற்குக் கடற்கரையில் லிகூரியா மாநிலம். அதன் தலைநகர் ஜெனோவா. அங்கே "பெஸ்தோ" என்னும் பச்சைத் துவையல் புகழ் பெற்றது. வெள்ளைச் சலவைக்கல் உரலில் மரக் குழவி கொண்டு அரைப்பது மரபு. அதில் சேர்வன பூண்டு, பைன் மரத்து விதை, ஒலிவ எண்ணெய், துருவிய பாலாடைக்கட்டி, உப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் இலை. அதுதான் பேசில். அதைப் படித்தபோது நான் வியந்தேன். ஏனெனில் பேசில் என்பது நாம் திருநீற்றுப்பச்சை என்று அழைக்கும் செடியே, துளசியின் தங்கை. நாம் அதைக் கொல்லையில் வளர்த்து மணத்துக்கும் மருந்துக்கும் வைத்துக் கொண்டோம். அவர்கள் அதைத் துவையல் ஆக்கி உலகப் புகழ் பெற்றார்கள்!

ஆகஸ்டு மாதம் தெற்கே தக்காளித் திருவிழா எனலாம். பாட்டி முதல் பேரன் வரை வீடே முற்றத்தில் கூடும். கூடை கூடையாகத் தக்காளியைக் கழுவி, வேகவைத்து, தோலும் விதையும் நீங்கக் கைப்பொறியில் பிழிந்து, பாட்டில்களில் நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு பேசில் இலையை இட்டு மூடுவார்கள். பின்னர் அப்பாட்டில்களைத் துணி சுற்றிப் பெரிய பீப்பாயில் அடுக்கி நீரூற்றிக் கொதிக்க வைப்பார்கள். ஓராண்டுக்கு அதுவே குழம்பு. சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் வடாம் பிழிந்து, காக்கை ஓட்டக் குழந்தைகளைக் காவல் வைத்த காட்சி உங்கள் கண்முன் வருகிறதா? பருவம் தருவதைப் பருவம் இல்லாத காலத்துக்குச் சேர்த்து வைக்கும் அறிவு இரு நாட்டுக்கும் பொது.

இறுதியாக இலையுதிர் காலம். திராட்சை அறுவடை முடிந்து ஒலிவப் பழங்கள் ஆலைக்குப் போகின்றன. புதிதாக ஆட்டிய எண்ணெயைச் சுட்ட ரொட்டிமேல் ஊற்றிச் சுவை பார்ப்பது ஒரு விழா. அப்பெனைன் மலைச்சரிவுகளில் செஸ்நட் கொட்டைகள் உதிர்கின்றன. கோதுமை விளையாத மலையூர்களில் அதையே உலர்த்தி மாவாக்கி உயிர் வாழ்ந்தார்கள். பீட்மாண்ட் மாநிலத்தில் எண்ணெயில் பூண்டும் உப்பிட்ட நெத்திலியும் கரையக் காய்ச்சி, நடுவில் வைத்து, சுற்றிலும் அமர்ந்து காய்கறிகளைத் தோய்த்து உண்கிறார்கள். ஒரே பாத்திரம், பல கைகள்.

பெரியோர்களே! இவ்வளவும் கேட்டு, "ஆகா, எத்தகைய பொற்காலம்!" என்று நாம் மயங்கிவிடலாகாது. அந்த அடுப்படியில் கண்ணீரும் இருந்தது. அதையும் சொல்லாமற் போனால் என் உரை பாதி உண்மையே ஆகும்.

மிலான் நகரத்தின் குங்குமப்பூச் சோறு பொன்னிறமானது, கண்ணைக் கவர்வது. அந்தச் சோற்றுக்கு அரிசி விளைந்த வயல்களில், முழங்கால் சேற்றில் குனிந்து களை பறித்தவர்கள் தொலைவிலிருந்து கூலிக்கு வந்த ஏழைப் பெண்கள். வெர்செல்லி வட்டாரத்தில் 1906-ஆம் ஆண்டில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்து எட்டு மணி நேர வேலை என்னும் உரிமையைப் பெற்றார்கள். நாற்று நட்ட கைகளைக் கண்டு வளர்ந்த நமக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மற்றொன்று இதனினும் கொடியது. மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்துக்கு உரிய தானியம். கொலம்பசின் பயணத்துக்குப் பின் ஐரோப்பாவுக்கு வந்தது. குறைந்த நிலத்தில் மிகுதியாக விளைந்ததால், வட இத்தாலியின் பண்ணைக் கூலிகளுக்கு அதுவே முழு உணவாயிற்று. அந்த மாவைக் களியாகக் கிண்டி "பொலெந்தா" என்று காலையும் மாலையும் உண்டார்கள். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் அவர்களிடையே ஒரு நோய் பரவியது. தோல் தடித்து வெடித்தது, வயிறு கெட்டது, அறிவு கலங்கியது, பலர் மடிந்தார்கள். "பெல்லாக்ரா", அதாவது முரட்டுத் தோல், என்று அதற்குப் பெயரிட்டார்கள்.

காரணம் என்ன? மக்காச்சோளத்தில் உள்ள நயாசின் என்னும் சத்து அப்படியே உண்டால் உடலில் சேர்வதில்லை. அதன் தாயகமான மெக்சிகோவின் பெண்கள் தொன்று தொட்டே அந்தத் தானியத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊற வைத்து, பின்னரே அரைத்தார்கள். அப்படிச் செய்தால் அந்தச் சத்து விடுபட்டு உடலில் சேரும். அத்துடன் பீன்ஸையும் சேர்த்து உண்டார்கள். அதனால் அவர்களுக்கு அந்நோய் பெரிதும் வரவில்லை. கடல் கடந்து வந்த ஐரோப்பியர் தானியத்தை எடுத்துச் சென்றார்கள். அதைச் சமைக்கும் முறையைக் கேட்டுச் செல்லவில்லை. தானியம் கப்பலேறியது, கைப்பக்குவம் கரையில் நின்றுவிட்டது. இந்நோயைப் போக்கும் சத்து நயாசின்தான் என்று அறிவியலார் கண்டறிந்தது 1937-ஆம் ஆண்டில். படிப்பறியாத ஓர் அடுப்படியின் அறிவை ஆய்வுக்கூடம் எட்டிப்பிடிக்க அவ்வளவு காலம் ஆயிற்று!

இதை நான் படித்த அன்று நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன். பொருள் மட்டும் பயணம் செய்து பக்குவம் பின்தங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு இது நேரே பொருந்தும் செய்தி அன்றோ?

ஊரைவிட்டு வந்தவர்கள் என்றதும் இத்தாலியின் ரயில் நிலையங்கள் என் நினைவுக்கு வருகின்றன. 1950, 1960-களில் தென் இத்தாலியிலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் வேலை தேடி வடக்கே தூரின், மிலான் நகரங்களுக்குச் சென்றார்கள். சிசிலித் தீவிலிருந்து தூரினுக்கு ஒரு ரயில் ஓடியது. "சூரிய ரயில்" என்று அதற்குப் பெயர். மெசீனா நீரிணையில் ரயில் பெட்டிகளையே கப்பலில் ஏற்றி அக்கரை சேர்ப்பார்கள். நம் ரயில்வே நண்பர்கள் கேட்டு மகிழ வேண்டிய செய்தி இது. கயிறு கட்டிய அட்டைப்பெட்டியும், ஒலிவ எண்ணெய்க் குப்பியுமாக அவர்கள் இறங்கினார்கள். தூரினில் சில வீடுகளில் "தெற்கத்தியாருக்கு வாடகைக்கு இல்லை" என்று பலகை தொங்கியது. ஒரே நாடு, ஒரே கொடி. ஆனால் அவர்கள் பேச்சும் உணவும் கேலிக்கு உள்ளாயின.

அவர்கள் என்ன செய்தார்கள்? தங்கள் உணவை விட்டுவிடவில்லை. தெற்கேயிருந்து காய்கறி வரவழைத்துத் தூரினின் பெரிய சந்தையில் கடை பரப்பினார்கள். நாளடைவில் வடக்கத்தியாரும் அக்கடைகளுக்கு வந்தார்கள். இன்றும் வடக்கே படிக்கும், வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குத் தெற்கேயுள்ள தாய்மார்கள் பொட்டலம் அனுப்புகிறார்கள். "கீழேயிருந்து வரும் பொட்டலம்" என்றே அதற்குப் பெயர் வழங்குகிறது. அதில் எண்ணெய், பாட்டில் தக்காளி, உலர்த்திய காய், வீட்டில் சுட்ட முறுக்கு போன்ற பண்டம் எல்லாம் இருக்கும்.

பார்சல் அலுவலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் என்ற முறையில் இதைப் பற்றிப் பேச எனக்குச் சிறிது உரிமை உண்டு. தெற்கேயிருந்து வரும் வண்டியின் பார்சல் பெட்டி திறந்ததும் வரும் மணத்தை நான் அறிவேன். பெயர் எழுதிய சீட்டைப் படிக்கும் முன்னரே, இது சாம்பார்ப் பொடி, இது மாவடு, இது சுண்டைக்காய் வற்றல் என்று மூக்கு சொல்லிவிடும். எடை போட்டுக் கணக்கில் ஏற்றும்போது கிலோ கணக்கு மட்டுமே பேரேட்டில் ஏறுகிறது. அதை இடித்தவர் யார், உலர்த்தியவர் யார், அளவு என்ன என்பது எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. இப்போது அப்பொட்டலங்கள் குறைந்து வருகின்றன. அனுப்பிய கைகள் முதுமை அடைந்துவிட்டன. அக்கைகள் ஓய்ந்த பின்னர் அந்த அளவை யாரிடம் கேட்பது?

இங்கேதான் ஒரு பெரியவரை உங்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறேன். பெல்லெக்ரீனோ ஆர்த்தூசி என்பது அவர் பெயர். 1820-இல் ரொமாஞா வட்டாரத்தில் போர்லிம்பொப்போலி என்னும் சிற்றூரில் பிறந்தவர். வணிகர். 1851-ஆம் ஆண்டில் கொள்ளைக்கூட்டம் ஒன்று அவ்வூரைச் சூறையாடியது. அதன் பின் அக்குடும்பம் பிளாரென்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. ஆக, அவரும் நம்மைப்போல் பிறந்த ஊரை விட்டு வந்தவரே. முதுமையில் சமையல் நூல் ஒன்று எழுதினார். வெளியிடப் பதிப்பாளர் எவரும் முன்வரவில்லை. 1891-இல், தம் 71-ஆம் வயதில், சொந்தப் பணத்தில் அதை அச்சிட்டார்.

முதற்பதிப்பில் 475 செய்முறைகள் இருந்தன. நூல் பரவப் பரவ, இத்தாலியின் பல மூலைகளிலிருந்தும் வீட்டுப் பெண்கள் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். "எங்கள் ஊரில் இப்படிச் செய்வோம்" என்று எழுதினார்கள். அவர் அவற்றைத் தம் அடுப்படியில் செய்து பார்த்து, சரியாக வந்தவற்றை அடுத்த பதிப்பில் சேர்த்தார். 1911-இல் அவர் காலமானபோது செய்முறைகள் 790 ஆகியிருந்தன. நாடு இணைந்து சில பத்தாண்டுகளே ஆகியிருந்த காலம் அது; ஒரு வட்டாரத்தார் பேச்சு மற்ற வட்டாரத்தாருக்குப் புரியாத நிலை. எல்லோரும் படிக்கத்தக்க தெளிந்த நடையில் எழுதிய அந்தச் சமையல் நூல், வீடு வீடாகச் சென்று நாட்டை இணைத்தது. அவர் தம் விருப்ப ஆவணத்தில் நூலின் உரிமையைத் தம்மிடம் பணி செய்த சமையற்காரர் இருவருக்கும் எழுதி வைத்தார். உண்மையில் உழைத்த கை எது என்பதை அறிந்த பெருமகன்!

நண்பர்களே! இவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை மூன்று என எனக்குத் தோன்றுகிறது.

ஒன்று: எது நம்முடையது என்பதில் வீண் பிடிவாதம் வேண்டா. தக்காளி இல்லாத இத்தாலியை இன்று எண்ணிப் பார்க்க முடியுமா? ஆயினும் தக்காளி அமெரிக்கக் கண்டத்துச் செடி. 16-ஆம் நூற்றாண்டில்தான் இத்தாலிக்கு வந்தது. பாஸ்தாவுக்குத் தக்காளிக் குழம்பு துணையானது 19-ஆம் நூற்றாண்டில். நம் மிளகாயும் அதே கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக வந்ததே. அதற்கு முன் நம் முன்னோர்க்குக் காரம் என்றால் மிளகு. மிளகின் பெயரை ஒட்டியே மிளகாய் என்று பெயர் வைத்தார்கள். புதியது வந்ததால் தமிழ்ச் சமையல் கெட்டுவிடவில்லை. நம் கைப்பக்குவத்துக்குள் அதைக் கொண்டு வந்தோம். அது நம்முடையது ஆயிற்று. ஆகவே பிள்ளைகள் பிட்சா உண்பதற்காக அஞ்ச வேண்டியதில்லை. வீட்டில் ஒன்றும் கற்காமல் வளர்வதற்கே அஞ்ச வேண்டும்.

இரண்டு: இருக்கும் ஊரின் பருவத்தை மதித்தல். தை மாதக் குளிரில் இந்த வடநாட்டுச் சமவெளியில் கடுகுக்கீரையும், வெந்தயக்கீரையும், பச்சைப் பட்டாணியும், சிவந்த கேரட்டும், முள்ளங்கியும் மலிந்து குவிகின்றன. நாமோ வாடி வதங்கிய முருங்கைக்காயைப் பொன் விலை கொடுத்து வாங்குகிறோம். ஆண்டில் சில நாள் ஆசைக்கு வாங்குவது தவறன்று. பண்டிகைக்கு அது வேண்டும். ஆனால் நாள்தோறும் உண்பதற்கு இம்மண் தருவதை நம் பக்குவத்தில் சமைப்பதே அறிவுடைமை. கடுகுக்கீரையில் மசியல் வையுங்கள். பட்டாணியில் பொரிச்ச கூட்டு செய்யுங்கள். கேரட்டைத் துருவித் தேங்காயும் கடுகும் தாளித்துப் போடுங்கள். காய் இவ்வூருக்கு உரியது. கை தமிழ்க் கை. இத்தாலியின் வட்டாரச் சமையல்கள் எல்லாம் இப்படி வளர்ந்தவையே.

மூன்று: இந்த அறிவு பெண்களின் தோள்மேல் மட்டும் சுமத்தப்பட்ட பாரமாக இருத்தலாகாது. பாட்டி இடித்தாள், அம்மா அரைத்தாள் என்று நாம் புகழ்ந்து பேசுகிறோம். புகழ்ந்தவர்களில் எத்தனை பேர் உரலைத் தொட்டோம்? இன்று நம் வீட்டுப் பெண்கள் அலுவலகத்துக்கும் செல்கிறார்கள். மாலையில் களைத்து வருபவரிடம் "மரபைக் காப்பாற்று" என்று சொல்வது அறமாகாது. தக்காளி பாட்டிலில் அடைக்கும் நாளில் இத்தாலியில் ஆடவரும் சிறுவரும் கைகொடுக்கிறார்கள். ஆண்பிள்ளைகளும் ஒரு ரசமேனும் வைக்கக் கற்க வேண்டும். நாளை அவர்களும் வேறோர் ஊருக்கு மாற்றலாகிச் செல்லப் போகிறவர்கள்தாமே!

1986-ஆம் ஆண்டில் ரோம் நகரத்தின் புகழ் பெற்ற சதுக்கம் ஒன்றில் அமெரிக்க விரைவுணவுக் கடை ஒன்று திறக்கப்பட்டது. பலர் எதிர்த்தார்கள். அக்காலத்தில் பீட்மாண்டின் பிரா என்னும் ஊரைச் சேர்ந்த கார்லோ பெட்ரீனி முதலியோர் ஓர் இயக்கம் கண்டார்கள். "மெதுவுணவு" என்பது அதன் பெயரின் பொருள். 1989-இல் பாரிசில் பல நாட்டார் கூடி அதற்குக் கொள்கை வகுத்தார்கள். கடையை அடைக்கச் சொல்வதோடு அவர்கள் நிற்கவில்லை. மறைந்து வரும் விதைகளையும் பண்டங்களையும் ஊர் ஊராகத் தேடிப் பட்டியல் எழுதத் தொடங்கினார்கள். எதிர்ப்பு ஒரு நாளில் முடிந்துவிடும். பட்டியல் நிலைத்து நிற்கும்.

ஆகவே இச்சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைத்து என் உரையை முடிக்கிறேன். நம் காலனியில் தஞ்சையார் உண்டு, நெல்லையார் உண்டு, கோவையார் உண்டு, சேலத்தார், வட ஆர்க்காட்டார் எல்லோரும் உண்டு. ஒவ்வொரு வீட்டாரும் ஒரே ஒரு செய்முறையை எழுதித் தரவேண்டும். எந்த ஊர் வழக்கம், எந்த மாதத்துக்கு உரியது, அளவு என்ன, இவ்வூர்ச் சந்தையில் கிடைக்கும் எந்தக் காயைக் கொண்டு செய்யலாம் என்பவை அதில் இருக்க வேண்டும். "கைப்பிடி", "கண்ணளவு" என்று எழுதினால் ஏற்க மாட்டோம்; அளந்து எழுத வேண்டும். எழுத இயலாத முதியவர்களிடம் பேரப்பிள்ளைகள் அமர்ந்து கேட்டு எழுதி வரட்டும். அந்தப் பணியிலேயே தமிழ் எழுத்துப் பயிற்சியும் ஆகிவிடும். சித்திரை முதல் பங்குனி வரை மாதவாரியாகத் தொகுத்து நம் நூலகத்தில் ஒரு பேரேடாக வைப்போம். பேரேடு எழுதுவது எனக்குப் பழகிய தொழில். தொகுத்து எழுதும் பொறுப்பை நானே ஏற்றுக் கொள்கிறேன்.

மெக்சிகோவின் தாய்மார்கள் அறிந்திருந்ததைக் கேட்டு எழுதிச் செல்ல ஒருவன் இருந்திருந்தால், வட இத்தாலியில் எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கும். நம் வீடுகளில் கேட்டு எழுத வேண்டியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இதோ, இந்த அவையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். அவர்களை வணங்குகிறேன்.